பி.எஸ்ஸி., டிஸ்கண்டினியூ

லாஸ்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. கறுப்புக் கிரானைட்டில் தங்க எழுத்து. முதல் வரியில் வீட்டுக்காரரின் பெயர். அதை இங்கே சொல்லப்போவதில்லை. மனிதர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார், வாட்ஸப்பும் வைத்திருக்கிறார். இரண்டாவது வரியில் அவர் படிப்பு: பி.எஸ்ஸி., டிஸ்கண்டினியூ.

முன்பக்கம் அவரும் அவர் மனைவியும். பின்போர்ஷனில் நானும் என் கணவரும். நான் அப்போது பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பாதியில் நின்றுபோகிற பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பதும் என் வேலைதான். அந்தச் சொல்லை நான் அடிக்கும்போது மேசைக்கு எதிரே நிற்கிற அப்பாக்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே சொல்லை ஒருவர் கல்லில் வெட்டி, பொங்கலுக்குப் பொங்கல் துடைத்துச் சந்தனப் பொட்டு வைக்கிறார் என்றால் எரிச்சல் வருமா வராதா?

குடிவந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

“அண்ணே, பாதியில விட்டத எதுக்குப் போர்டுல போட்டிருக்கீங்க?”

“விட்டதுன்னு யாரும்மா சொன்னா? டிஸ்கண்டினியூ.”

“ரெண்டும் ஒண்ணுதாண்ணே.”

“எப்படிம்மா ஒண்ணாவும்? விட்டுட்டேன்னா அது ஃபுல் ஸ்டாப். டிஸ்கண்டினியூன்னா கமா. ஃபிசிக்ஸ் ரெண்டு வருஷம் முடிச்சாச்சு. மூணாவது வருஷம் எங்கயும் ஓடிப்போவல, அங்கயேதான் இருக்குது.”

மூன்றாவது வருஷம் இருபது ஆண்டுகளாக அங்கேயேதான் இருந்தது. அதில் அவர் சொன்னது சரிதான்.

அவர் கமா போட்டு வைத்தவற்றுக்குக் கணக்கில்லை. கீபோர்டு கிளாஸ், கார் ஓட்டும் பயிற்சி, இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை, ஒரு கட்சியில் வார்டுப் பொறுப்பு, பிறகு அதன் எதிர்க்கட்சியிலும் ஒரு வார்டுப் பொறுப்பு. ஒரு வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டு, பாதி விரதத்தில் அதையும் டிஸ்கண்டினியூ செய்தார். ஐயப்பன் காத்திருப்பார் என்ற நம்பிக்கைதான். சிகரெட் ஒன்றைத்தான் இடைவிடாமல் குடித்தார். அதை நிறுத்தும் முயற்சியை எத்தனையோ முறை டிஸ்கண்டினியூ செய்திருக்கிறார்.

கல்லூரிச் சாலையில் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஷட்டர் எப்போதும் பாதிதான் ஏறியிருக்கும். “கடை தொறந்திருக்கா?” என்று குனிந்து கேட்டால், “வா வா, பாதி தொறந்திருக்குது” என்பார். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பக்கத் தாளைக் கொடுத்தால் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு டீக்குப் போய்விடுவார்.

சண்டையிலும் அதே பழக்கம். ஒரு கோடையில் மோட்டார் போடுவதைப் பற்றி எனக்கும் அவருக்கும் முற்றிவிட்டது. “நாங்க என்னா ஓசியிலயா இருக்கோம்?” என்று நான் குரலை உயர்த்தியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கடைக்கு ஆளு வந்துரும்மா. இது டிஸ்கண்டினியூ” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அதை மறந்தே போனேன். தீபாவளி கழித்து அதிரசம் கொடுக்கப் போனவளை வாசலில் நிறுத்தி, “அன்னிக்கு ஓசின்னு ஒரு வார்த்த சொன்னியேம்மா” என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். அதிரசத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சொல்லுக்கு அவர் வைத்திருந்த அர்த்தம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஆதாரம் பிரெஞ்சு. பிரான்ஸ் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் கட்டினால் நேரே பாரிஸ்தான் என்று யாரோ ஏற்றிவிட, கல்யாணத்துக்கு முன்பு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாராம். புதுச்சேரிப் பையன்களில் அந்தக் கனவை ஒருமுறையாவது காணாதவர்கள் குறைவு. இவர் கனவு இரண்டு மாதம் ஓடியது.

“எழுதறப்ப ‘டிஸ்’ஸுன்னு எழுதுவான்மா. படிக்கறப்ப அந்த எஸ்ஸ விட்டுருவான். ‘தி’. ‘தி’ன்னா சொல்லுன்னு அர்த்தம். ‘கொந்தினு’ன்னா தொடரு. இப்ப சேர்த்துப் பாரு. தொடரச் சொல்லுன்னு வருதா? இங்கிலீஷ்காரன் வாங்கிட்டுப் போயி தலகீழாக்கிட்டான்.”

“அகராதியில நிறுத்துறதுன்னு போட்டிருக்கேண்ணே.”

“அது இங்கிலீஷ் அகராதிதானே?”

எஸ்ஸை விட்ட இடத்திலேயே அவர் பிரெஞ்சையும் விட்டிருந்தார். அதற்குமேல் அவரோடு என்னவென்று வாதாடுவது?

ஒரே ஒருமுறை இந்த விஷயத்தில் அவர் அப்பாவின் கதையையும் சொன்னார். அவர் அப்பா மில் தொழிலாளி. அந்த வீடே அவர் கட்டியதுதான். ஒருநாள் மில் கேட்டில் இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டினார்களாம். படிக்கத் தெரிந்த ஒருவர் “டிஸ்கண்டினியூன்னு போட்டிருக்கான்” என்றாராம். “அப்படின்னா மூடிட்டானா?” என்று இவர் அப்பா கேட்க, அந்த ஆள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்லப்பா, இப்போதைக்கு” என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அப்பா சாகிறவரைக்கும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில் கேட்டைப் பார்த்துவிட்டு வருவாராம். அண்ணன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது, மோட்டாரை அணைக்கப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி ஒரு கணக்கு டீச்சர். ஒரு கணக்கை எடுத்தால் விடைக்குக் கீழே இரண்டு கோடு போடாமல் பேனாவை மூடமாட்டார். அக்கா அரியாங்குப்பத்துக்காரர். வீட்டு வேலை, பள்ளி வேலை, இவர் பாதியில் விட்ட வேலை என்று எல்லாவற்றையும் முடித்துவைப்பார். இவர் அரைக் கிளாஸ் குடித்து வைத்த டீயைக்கூட அக்காதான் குடித்து முடிப்பார். முடிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று, அது குளியலறை.

கொல்லைப்பக்கத்தில் இருந்த பழைய குளியலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறேன் என்று இறங்கினார். இடிப்பது மளமளவென்று நடந்தது, அது அவருக்குக் கைவந்த கலை. சுவரும் எழுந்தது. டைல்ஸ் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் அலைந்து, கடைசியில் நீல நிறத்தில் மீன் துள்ளுகிற டிசைனைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு டைல்ஸில் மீனின் வால், அதற்கு மேல் டைல்ஸில் தலை. இடுப்பு உயரத்துக்கு வால் வரிசையை ஒட்டி முடித்தபோது தலை டைல்ஸ் கையில் இல்லை, பிறகு வாங்கலாம் என்று விட்டிருந்தார். கடையில் கேட்டார். “அந்த மாடல் டிஸ்கண்டினியூ ஆயிடுச்சுண்ணே” என்றார் கடைக்கார பாய்.

வேறு யாராக இருந்தாலும் வெள்ளை டைல்ஸை வாங்கி ஒட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். இவர் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

“டிஸ்கண்டினியூதானாம். வந்துரும்.”

டைல்ஸ் ஒட்டி முடித்தால்தான் கதவுக்கு நிலை வைக்க முடியும் என்றார் கொத்தனார். ஆகவே கதவும் டிஸ்கண்டினியூ. அதுவரைக்கும் மறைப்பாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. வார்டுப் பொறுப்பில் இருந்தபோது தலைவரின் பிறந்தநாளுக்கு அடித்து, கட்டாமலே விட்ட பேனர். அக்கா உள்ளே குளிக்கும்போதெல்லாம் தலைவர் வெளியே நின்று கொல்லையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். நான் துணி காயப்போடப் போகும்போது சில நாள் பதிலுக்குக் கும்பிட்டதும் உண்டு.

“எங்க பாத்ரூமுக்கு வாங்களேன்க்கா” என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

“வாடகைக்கு உட்ட எடத்துல போயி நான் எதுக்கும்மா குளிக்கணும்? எனக்கு என் வீட்டுல ஒரு கதவு வேணும். பத்து மாடி கேட்டனா? ஒரு கதவு.”

அண்ணன் மட்டும் மாதாமாதம் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு, நல்ல செய்தியோடு திரும்பி வருவார். இன்னும் டிஸ்கண்டினியூவாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். இப்படியே ஒரு வருஷம் போய், இரண்டாவது மழைக்காலமும் வந்தது.

ஐப்பசியில் ஒரு காலை. கடல் காற்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கொல்லை வழியாக வந்துகொண்டிருக்கும்போது பேனரின் கயிறு அறுந்தது. தலைவர் கும்பிட்ட கையோடு பறந்துபோய் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டார். அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சிலிண்டர் போட வந்தவர் நல்ல மனிதர். தோளில் சிலிண்டரோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றவர், நான் சொல்லும்வரை அசையவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குக் கிண்டல் வரமாட்டேன் என்கிறது. போர்வைக்குள் அக்காவின் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஈரத் தலையோடு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அண்ணன் அப்போதுதான் பாதி முகம் சவரம் செய்து, பாதி நுரையோடு வெளியே வந்தார்.

“எங்க கெளம்பிட்ட?”

“அம்மா வீட்டுக்கு.”

“எப்ப வருவ?”

“கதவு வந்தா சொல்லுங்க.”

அக்காவின் ஸ்கூட்டர் போய்விட்டது. தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து அக்காவின் தம்பி ஆட்டோ வைத்து வந்து, புடவைகளையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு, “இனிமே அக்கா வராது மாமா. வக்கீல்கிட்ட பேசிக்கிட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டம்மா துக்கம் விசாரிப்பது மாதிரி அண்ணனிடம் விசாரித்தார்.

“என்னா தம்பி, பிரிஞ்சிட்டீங்களாமே?”

“பிரியலம்மா. டிஸ்கண்டினியூ.”

என்னிடம் அதையே விளக்கமாகச் சொன்னார். டைல்ஸ் வரும், டைல்ஸ் வந்தால் கதவு வரும், கதவு வந்தால் அவள் வருவாள். எல்லாம் வரிசையில் நிற்கின்றன, முதல் ஆள் நகர்ந்தால் போதும். சாப்பாட்டை ஓட்டலில் வாங்கிவந்து பாதி சாப்பிட்டு வைத்துவிடுவார். மிச்சத்தைச் சாப்பிட ஆளில்லாமல் காலையில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை எங்கள் சிங்க் குழாய்க்கு வாஷர் வாங்க அதே கடைக்குப் போயிருந்தேன். பாய்க்கு முன்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

“பாய், மீன் தல வந்துச்சா?”

பாய் பில் புத்தகத்தை மூடிவைத்தார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தத் தெருவில் வியாபாரம் செய்கிறது. வாடிக்கையாளரிடம் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. டிஸ்கண்டினியூன்னு நானும் எத்தன வாட்டி சொல்லிட்டேன். அப்புறமும் எதுக்கு வந்து வந்து கேக்குறீங்க?”

“டிஸ்கண்டினியூன்னு நீங்க சொல்றதாலதானே பாய் வந்து கேக்குறேன்?”

பாய் என்னைப் பார்த்தார். நான் வாஷரைப் பார்த்தேன்.

“அண்ணே, கம்பெனிக்காரன் அந்த டிசைனயே நிறுத்திட்டான். இனிமே வராது.”

“நிறுத்திட்டான்னு நீங்க சொல்லவே இல்லியே பாய்.”

“ஒரு வருஷத்துக்கு மேல அதத்தாண்ணே சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அண்ணன் அங்கே அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன். இத்தனை நாள் வாதாடியதில் எனக்குத்தான் வெற்றி. அதுவும் கடைவீதியில், சாட்சியோடு. இரண்டு வார்த்தை குத்தலாகச் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது.

“அப்ப மில்லு கேட்டுல ஒட்டியிருந்தது…” என்றார்.

நான் வாஷரைப் பைக்குள் போட்டேன்.

“தெனம் காத்தால போவாரும்மா. தல சீவிக்கிட்டு, சட்ட போட்டுக்கிட்டுப் போவாரு.”

கையில் இருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இவளும்…”

அவர் பாதியில் நிறுத்திய வாக்கியங்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றைத்தான் அவர் வேண்டுமென்று நிறுத்தவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. சான்றிதழில் ஆயிரம் முறை அடித்த அந்தச் சொல்லின் அர்த்தத்தை நான் அந்த இடத்திலேயே காலை வாரிவிட்டேன்.

“பிரெஞ்சுல அப்படி இல்லியேண்ணே.”

நிமிர்ந்து பார்த்தார்.

“தொடரச் சொல்லுன்னுதானே அர்த்தம்? நீங்கதானே சொன்னீங்க? போயி சொல்லுங்க. சும்மா போயி சொல்லாதீங்க, கதவ மாட்டிட்டுப் போயி சொல்லுங்க.”

பிறகு ஒருநாள் எங்கள் கல்லூரியில் பிரெஞ்சு எடுக்கிற மேடத்திடம் விசாரித்தேன். அந்தச் சொல் பிரெஞ்சிலும் இருக்கிறதாம். அங்கேயும் நிறுத்துவது என்றுதான் அர்த்தமாம். இதை நான் அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை, இனியும் சொல்வதாக இல்லை.

அவர் கடைக்குள் திரும்பிப் போனார். வெள்ளை டைல்ஸ், ஒரு பிவிசி கதவு, நிலை, கீல். பாய் வண்டிக்கு ஆள் பிடித்து ஏற்றிவிட்டார். கொத்தனாரைக் கையோடு அழைத்துவந்து, வேலை முடிகிறவரைக்கும் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ் கடை ஷட்டர் அந்த நாட்களில் முழுசாக மூடியிருந்தது. கடையை முழுசாக மூடிப் பார்த்ததே அப்போதுதான் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். வாலோடு நின்ற மீன்களுக்கு மேலே வெள்ளைச் சுவர் எழுந்தது. பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்தது. ஆனால் முடிந்திருந்தது.

அவர் அரியாங்குப்பத்துக்குப் போய் என்ன சொன்னார், பிரெஞ்சில் சொன்னாரா தமிழில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தம்பியோடு வந்தார். பை எதுவும் கொண்டுவரவில்லை. பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

நாங்கள் எல்லோரும் கொல்லையில் நின்றோம். அக்கா கதவைத் தட்டிப் பார்த்தார். திறந்து மூடிப் பார்த்தார், கீல் சத்தமில்லாமல் திரும்பியது. உள்ளே போய் மேலும் கீழும் பார்த்தார். பரீட்சைத் தாளைத் திருத்துகிற முகம். அண்ணன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரண்டு பக்கமும் சவரம் செய்திருந்தார்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“தாழ்ப்பாள் எங்க?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார். விழுங்கியது கழுத்தில் தெரிந்தது.

“மறந்துட்டேன்” என்றார்.

அக்காவின் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். “வாக்கா, போலாம். இந்த ஆளு திருந்தவே மாட்டாரு.”

அண்ணன் நேராகப் போய், கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

உள்ளேயிருந்து அக்கா கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னொரு முறை நன்றாகத் தள்ளினார். அப்போதும் அசையவில்லை. அதற்கப்புறம் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. வந்த தூசிக்குக் கை கால் கழுவிக்கொள்கிறார் என்று நினைத்தோம். வாளி நிறைந்து, சொம்பு மோதுகிற சத்தம் வந்ததும் நான் அக்காவின் தம்பியைக் காப்பி குடிக்க உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். மாற்றுப் புடவைக்கு அக்கா என்னைத்தான் கூப்பிட்டார். மறுநாள் பைகள் ஆட்டோவில் திரும்பி வந்தன.

அதற்கப்புறம் நாங்கள் குருசுக்குப்பத்துக்கு வீடு மாறிவிட்டோம். வருஷங்கள் ஓடிவிட்டன. போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனேன். பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது. மூன்றாவது வருஷம் ஃபிசிக்ஸும் அங்கேயேதான் இருக்கிறதாம். ஜெராக்ஸ் கடையை இப்போது டிஸ்கண்டினியூ செய்துவிட்டு, மொபைல் கவர் விற்கிறார்.

“தாழ்ப்பாள் வந்துச்சாக்கா?” என்று கேட்டேன்.

“எங்க வந்துச்சு?”

“நீங்களாவது ஒண்ணு வாங்கி மாட்டக்கூடாதா? பாய் கடையில போனா அஞ்சு நிமிஷம்.”

அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“வாங்கி வெச்சிருக்கேன்டி. பீரோவுல இருக்குது. இந்த மனுஷன் கல்யாணம் ஆனதுலருந்து ஒரு நாள்கூட உடாம செய்யறது அது ஒண்ணுதான். அதையும் எதுக்குப் புடுங்கணும்?”

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அண்ணன் செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார். கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முருங்கை மரத்தைப் பார்த்தபடி நின்றார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நடுவில் அது நின்றது.

“இருக்கீங்களா?”

“இருக்கேன் இருக்கேன். நீ கண்டினியூ பண்ணு.”